நூற்றுக்கு ஏழு பேர்

காலை ஏழரை மணிக்கு நெவேனா கலபோவா மருந்துக்கடை எதிரே மின்கம்பத்தின் முன் நின்று, கைப்பையைத் துழாவி மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்கிறாள். கம்பம் முழுக்கச் சாவு நோட்டீஸ்கள். நேற்று ஒட்டியவை, நாற்பதாம் நாளுக்கு ஒட்டியவை, வருடாந்திர நினைவுக்கு ஒட்டியவை, மழையில் முகம் கரைந்துபோனவை. பெயரை அவள் படிப்பதில்லை, படத்தையும் பார்ப்பதில்லை, பிறந்த வருடம் ஒன்றைத்தான் பார்க்கிறாள். 1941, 1938, 1952. "கிழடுங்க. போய்ச் சேரட்டும்" என்று முனகிவிட்டு அடுத்த கம்பத்துக்கு நடக்கிறாள்.

மருந்துக்கடையிலிருந்து என் கடை வரை பதினோரு கம்பங்கள். பதினோராவதைப் பார்த்து முடித்ததும் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, "இன்னைக்கு நம்ம பிள்ளைங்க யாரும் இல்ல" என்பாள். நான் காபி ஊற்றிக் கொடுப்பேன். பல்கேரியாவில் எங்கள் ஊர் போன்ற சின்ன ஊர்களில் நோட்டீஸ் அடிக்காமல் யாரும் மண்ணுக்குள் போவதில்லை. அடிப்பவன் நான், ஸ்விலென். மருத்துவமனைக்குப் பக்கத்தில் அச்சுக்கடை வைத்திருக்கிறேன். என்னைக் கேட்டாலே தெரிந்துவிடும், இந்தக் குளிரில் எதற்குக் கம்பம் கம்பமாக மோந்துகொண்டு வருகிறாய் என்று எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். "நீ அடிக்காததும் இருக்கும்ல" என்பாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் என்பதால் அவள் இவள் என்று எழுதுகிறேன். ஊரில் அவளை அப்படிச் சொல்ல இன்னும் நாலு பேருக்குத்தான் உரிமை உண்டு.

ஐம்பத்தாறு வயது. நகராட்சியில் அவளுடைய பதவிப் பெயர் ஒன்றரை வரி நீளம். சுருக்கமாகச் சொன்னால், இளம்பிள்ளைகள் போதையிலும் குடியிலும் சாவிலும் போய் விழாமல் முன்கூட்டியே தடுப்பதற்குத் திட்டம் போடுகிறவள். விழுந்தவனைத் தூக்குகிறவனுக்கு ஊரில் மாலை போடுவார்கள். விழாமல் தடுத்தவளுக்கு என்ன போடுவார்கள்? விழவே இல்லையே, நீ என்ன கிழித்தாய் என்று கேட்பார்கள். கேட்கவும் கேட்டார்கள்.

அவளுடைய கைப்பையில் எப்போதும் வறுத்த சூரியகாந்தி விதை இருக்கும். பழைய தாளைச் சுருட்டிக் கூம்பு செய்து, விதையைக் கொட்டி, பிள்ளைகள் கையில் கொடுப்பாள். எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்கவே மாட்டாள். பக்கத்தில் நின்றுகொள்வாள், அல்லது கூடவே நடப்பாள். முகத்தைப் பார்க்காமல் கூம்பைப் பக்கவாட்டில் நீட்டுவாள். அவன் ஒரு விதை, இவள் ஒரு விதை, கொறித்துத் தோலைத் துப்பிக்கொண்டே போவார்கள். "கையும் வாயும் வேலையா இருந்தா, மனசுல இருக்கறது தானா வெளிய வரும்" என்பது அவள் கட்சி. பள்ளிக்கூடத்துத் துப்புரவுக்காரிக்கு மட்டும் இந்தக் கட்சி பிடிக்காது.

மேடைப் பேச்சு அவளுக்கு ஆகாது. போலீஸ்காரர் ஒரு பெட்டி நிறைய மாத்திரையும் பொடியும் கொண்டுவந்து, இது இன்னது, இதைத் தின்றால் இப்படி ஆகும் என்று காட்டுவாரே, அந்த நாள் வந்தால் நெவேனா காய்ச்சல் என்று லீவு போட்டுவிடுவாள். தெரியாதவனுக்கும் கடையைக் காட்டிக் கொடுக்கிறார்கள் என்பாள். அவளுடைய வகுப்பில் பதினைந்து பேர் வட்டமாக உட்காருவார்கள். ஏழாம் வகுப்பில் பன்னிரண்டு தடவை, எட்டாம் வகுப்பில் ஆறு தடவை, ஒன்பதில் மூன்று தடவை. அதே பிள்ளைகள், அதே நெவேனா. முதல் நாள் ஒரு துண்டுத்தாள் கொடுப்பாள். உன் வகுப்பில் எத்தனை பேர் புகைத்துப் பார்த்திருப்பார்கள், குத்துமதிப்பாக எழுது. பின்னால் திருப்பி, நீ பார்த்திருக்கிறாயா, ஆம் அல்லது இல்லை, பெயர் வேண்டாம். எல்லோரும் பத்து, பன்னிரண்டு என்று எழுதியிருப்பார்கள். பின்பக்கத்தை எண்ணினால் மூன்று பேர்தான் இருப்பார்கள். அந்த மூன்று என்ற எண்ணைக் கேட்டதும் வகுப்பில் ஒரு அமைதி விழும் பார், அதற்காகத்தான் நான் இந்த வேலையில் இருக்கிறேன் என்று ஒருமுறை சொன்னாள்.

மற்ற நாட்களில், 'வேண்டாம்' என்று சொல்லப் பழக்குவாள். நண்பன் முன்னால் மானம் போகாமல், கோழை என்று பெயர் வாங்காமல், சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டும். "பழக வேண்டியது நாக்கு. மண்டைக்கு எல்லாம் ஏற்கெனவே தெரியும்" என்பாள். மத்தியானம் இரண்டு மணிக்குப் பள்ளி விட்ட பிறகு, ஆறு மணி வரைக்கும் உடற்பயிற்சிக் கூடத்தைத் திறந்து வைத்திருப்பாள். பாதிப் பிள்ளைகளின் அப்பா அம்மா ஸ்பெயினில் பழம் பறிக்கிறார்கள், ஜெர்மனியில் முதியோர் இல்லத்தில் படுக்கை மாற்றுகிறார்கள். அந்த நாலு மணி நேரம்தான் பிள்ளைகளைத் தின்கிற நேரம்.

ஒன்பது வருடம் இரண்டு பள்ளிகளில் இதைச் செய்தாள். மற்ற ஐந்து பள்ளிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால், அவளிடம் படித்த பிள்ளைகளில் நூற்றுக்கு ஏழு பேர் குறைவாக அந்தப் பக்கம் போயிருக்கிறார்கள். ஏழே ஏழு. அந்தத் தாளை அவள் என் கடைக்கு எடுத்துவந்த நாளில் அவளுடைய கன்னமெல்லாம் சிவந்திருந்தது.

"ஏழுதானா?" என்று கேட்டுவிட்டேன். என் வாய் சும்மா இருக்காது.

"ஏழு பேருப்பா. யாருன்னு எனக்குத் தெரியாது. அவங்களுக்கே தெரியாது. பஸ்ல என் பக்கத்துல உக்காந்து வருவாங்க, நான் பாட்டுக்கு ஜன்னல பாத்துட்டு வருவேன்."

நகராட்சியின் மாதப் பத்திரிகையில் பதினைந்து பேர் வட்டமாக உட்கார்ந்திருக்கும் படத்தைப் போடவில்லை. அரங்கு நிறைந்த படம் இருந்தால் கொடுங்கள் என்றார்கள்.

இனி எழுதப்போவதை எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தேன். பதினைந்து வருடத்துக்கு முன், பிப்ரவரி மாதத்தில், ஒரே வாரத்தில் மூன்று பையன்களுக்கு நோட்டீஸ் அடித்தேன். ஏதோ புதுப் பொடி வந்திருந்தது. நெவேனா அப்போதுதான் இந்த வேலைக்கு வந்திருந்தாள். மூன்றாவது நோட்டீஸ் மெஷினிலிருந்து வெளியே வந்தபோது கடையில் நின்றிருந்தாள். அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று, படம் இல்லாமல் ஒன்று அடி என்றாள். கறுப்புக் கரை இருக்கட்டும், மேலே சிலுவை இருக்கட்டும், படம் வருகிற கட்டம் காலி, பெயர் வருகிற இடத்தில் புள்ளி வரிசை. கீழே ஒரே வரி: "இந்த இடம் யாருக்கு?"

பயப்படட்டும் என்று நினைத்தாள். நானும் நினைத்தேன். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைவிடப் பயங்கரமான காகிதம் வேறு ஏது? நானூறு பிரதி அடித்து ஏழு பள்ளித் தாழ்வாரங்களிலும் ஒட்டினோம். ஊரே மெச்சியது. ஐந்தாம் நாள் பிள்ளைகளிடம் கேள்வித்தாள் கொடுத்துக் கேட்டார்கள், பயமாக இருக்கிறது என்று முக்கால்வாசிப் பேர் எழுதினார்கள். அன்றே அறிக்கை எழுதித் தலைநகர் சோபியாவுக்கு அனுப்பினாள். அதில் 'வேண்டாத விளைவுகள்' என்று ஒரு கட்டம். 'இல்லை' என்று எழுதினாள்.

காலியான கட்டத்தையும் பேனாவையும் பிள்ளைகள் பக்கத்தில் வைத்தால் என்ன நடக்கும்? முதலில் கணக்கு வாத்தியார் பெயரை எழுதினார்கள், சிரித்தார்கள். பிறகு ஒரு பள்ளியில் பில்யானா என்று எழுதினார்கள். எட்டாம் வகுப்பு, திக்குவாய்ப் பெண், அப்பாவோடு தனியாக இருந்தவள். வகுப்புப் படத்திலிருந்து அவள் முகத்தை வெட்டிக் கட்டத்தில் ஒட்டினார்கள். மறுநாள் அதே நோட்டீஸ் அவள் பெஞ்சில், அவள் பைக்குள், கழிப்பறைக் கதவில், அவள் வீட்டு வாசலில். ஒன்பதாம் நாள் அந்தப் பெண் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள்.

அவளுடைய அப்பா பொகோமில், நோட்டீஸ் அடிக்க அவள் படத்தோடு என் கடைக்கு வந்தார். மேஜையில் வைத்தார். அதே படம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று நாளுக்கு முன் இரண்டு சிறுமிகள் வந்திருந்தார்கள், ஒருத்தி சூயிங்கம் மென்றுகொண்டிருந்தாள். முகம் ஒட்டிய ஒரு நோட்டீஸை நீட்டி, பன்னிரண்டு பிரதி வேண்டும் என்றார்கள். வாங்கி மெஷினில் வைத்தேன், எடுத்துக் கொடுத்தேன். நாள் முழுக்கச் சாவு நோட்டீஸ் அடிக்கிறவன் முகத்தைப் பார்ப்பதில்லை. ஓரம் நேராக வந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பான். நான் ஓரத்தைப் பார்த்தேன்.

நெவேனாவிடம் மறுநாளே சொல்லி அழுதேன். அவள் அழவில்லை. "நீ பிரதிதான் எடுத்தே, ஸ்விலென். காலியா விட்டது நான்" என்றாள். விசாரணையில் குடும்பப் பிரச்சினை என்று எழுதி மூடினார்கள். யாரும் எங்களைக் கூப்பிடவில்லை, நாங்களும் போகவில்லை. ஜூன் மாதம் சோபியாவிலிருந்து கேடயம் வந்தது, நாட்டிலேயே சிறந்த விழிப்புணர்வுத் திட்டம் என்று. அது இன்றைக்கும் நகராட்சி மாடிப்படியில் மாட்டியிருக்கிறது. நெவேனா பின்வாசல் வழியாகத்தான் அலுவலகத்துக்குப் போவாள். பொகோமில் ஒவ்வொரு மார்ச்சிலும் என்னிடம் வந்து நினைவு நோட்டீஸ் அடித்துக்கொண்டு, எனக்குக் கைகொடுத்துவிட்டுப் போவார். பதினாலு முறை அந்தக் கையைப் பிடித்திருக்கிறேன்.

கம்பங்களைப் படிக்க அவள் தொடங்கியது அந்த வருடம்தான். வட்டமும் விதையும் துண்டுத்தாளும் அதற்குப் பிறகு வந்தவை. உலகத்தில் எங்கெங்கே எது பலித்தது, எது கெடுத்தது என்று தேடித் தேடிப் படித்தாள். பயமுறுத்துவது பலிக்காது என்று அவள் சொல்லாத கூட்டம் இல்லை. செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

இந்தக் குளிர்காலத்தில் மறுபடியும் இரண்டு பையன்கள் போனார்கள். ஒருவன் துணை மேயர் கலோயன் ட்ரென்ஸ்கியின் அக்கா மகன். கலோயன் கெட்டவர் அல்ல, அதையும் சொல்லிவிட வேண்டும். முப்பத்துநான்கு வயது, அக்கா மகனின் நோட்டீஸைத் தன் கையால் கம்பம் கம்பமாக ஒட்டியவர். ஏதாவது செய்ய வேண்டும், கண்ணுக்குத் தெரிகிற மாதிரி, உடனே செய்ய வேண்டும் என்று துடித்தார். மாடிப்படியில் கேடயம் கண்ணில் பட்டது. பழைய கோப்பை எடுத்துப் படித்தார். வேண்டாத விளைவுகள்: இல்லை. அதே திட்டத்தை மறுபடி நடத்துவது, அதற்காக உடற்பயிற்சிக் கூடத்தையும் வட்டத்தையும் நிறுத்துவது என்று தீர்மானம் கொண்டுவந்தார்.

பிப்ரவரி கூட்டத்தில் பொதுமக்கள் வரிசையில் நானும் உட்கார்ந்திருந்தேன். நெவேனா எழுந்தாள். பதினைந்து வருடமாக எங்கள் இருவருக்குள் மட்டுமே பேசியதை மூன்றே நிமிடத்தில் சொன்னாள். அந்த அறிக்கையை எழுதியது நான், இல்லை என்று எழுதியது நான், ஐந்தாம் நாளில் எழுதினேன், ஒன்பதாம் நாளில் பில்யானா செத்தாள் என்றாள். என் பெயரைச் சொல்லவில்லை. கடைசியில், "நீங்க என்னை வேலையை விட்டுத் தூக்குங்க. ஜெயில்ல போடுங்க. அந்தக் கறுப்புக் கட்டத்தை மட்டும் பிள்ளைங்க கண்ணுல காட்டாதீங்க" என்றாள். அவள் குரல் உடைந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

கூட்டத்தில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கலோயனும் துடைத்துக்கொண்டார். மனதில் உள்ளதைச் சொன்னதற்கு நன்றி சொன்னார். பிறகு மிகவும் பணிவாக, "மேடம், அப்போ தப்பு அந்தக் காலி இடத்துலதான் இருந்திருக்கு. இந்தத் தடவை காலியா விட வேண்டாம். படத்துக்குப் பதிலா கண்ணாடி வெச்சிடுவோம். அவனவன் முகம் அவனவனுக்குத் தெரியட்டும்" என்றார். இப்படியும் ஒரு மனிதனுக்குப் புத்தி போகுமா? பதினேழு கை மேலே போனது, நாலு கை எதிராக.

அச்சு வேலை என்னிடம் வந்தது. முடியாது என்றேன். மறுத்து என்ன ஆயிற்று? நாலே நாளில் மாவட்டத் தலைநகரில் அடித்துக் கொண்டுவந்தார்கள், என்னுடையதைவிட ஓரம் நேராக. மார்ச் மாதம் பொகோமில் என் கடைக்கு வரவில்லை. கடையின் முன் கம்பத்தில் பில்யானாவின் நோட்டீஸ் மட்டும் வந்தது, வேறு எவனோ அடித்தது. அவர் எதையெதை ஊகித்தார் என்று கேட்க எனக்குத் துணிவு இல்லை. நெவேனா அதன் முன் வெகுநேரம் நின்றாள். அன்று மட்டும் பிறந்த வருடத்தைத் தாண்டி முகத்தையும் பார்த்தாள். உள்ளே வந்து காபியைக் குடித்தாள்.

ஏப்ரலில் கண்ணாடிகள் வந்தன. கறுப்புச் சட்டம், மேலே சிலுவை, ஆள் உயரத்தில் கண்ணாடி, அடியில் இறந்த தேதிக்கான இடத்தில் 'உன் கையில்' என்ற சொற்கள். பில்யானா படித்த பள்ளியில் மாட்டிய முதல் நாளே நெவேனா தன் கழுத்துச் சால்வையை அவிழ்த்துக் கண்ணாடி மேல் போட்டு மூடினாள். சாவு வீட்டில் நாங்கள் கண்ணாடியை அப்படித்தான் மூடுவோம். துப்புரவுக்காரி அதை எடுத்து மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். "இதென்னம்மா, எழவு வீடு மாதிரி. பிள்ளைங்க பயந்துக்கப் போகுது" என்றாளாம். இதைச் சொல்லும்போது நெவேனா சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் இன்னொரு முறை பார்க்க விரும்பவில்லை.

உடற்பயிற்சிக் கூடத்தைப் பூட்டிவிட்டார்கள். வட்டம் இல்லை. அவளுக்கு நகராட்சியில் ஒரு மேஜை இருக்கிறது, அதில் வேலை இல்லை. காலையில் கம்பங்களைப் படித்துவிட்டு, மணி அடிக்கும் முன் பள்ளித் தாழ்வாரத்தில் போய் நிற்கிறாள். யாரும் போகச் சொல்லவில்லை, வரவேண்டாம் என்றும் சொல்லவில்லை. கண்ணாடி முன் பையன்கள் முதல் இரண்டு நாள் நாக்கை நீட்டிக்கொண்டு செத்தவன்போலப் படம் எடுத்தார்கள், மூன்றாம் நாள் தலை வாரினார்கள். அதோடு போயிருந்தால் நான் இந்தச் சித்திரத்தை எழுதியிருக்கவே மாட்டேன்.

போன வியாழக்கிழமை தேர்வுத்தாள் கட்டைக் கொடுக்க அந்தப் பள்ளிக்குப் போனேன். தாழ்வாரத்தில் கண்ணாடி முன் ஒரு பெண் தனியாக நின்றிருந்தாள். ஏழாம் வகுப்பு இருக்கும், முதுகில் பை, சட்டைக் கையை விரல் வரை இழுத்துவிட்டிருந்தாள். கண்ணாடியில் எழுத முடியாது என்று கலோயனுக்கு யார் சொன்னார்களோ. அவள் முகத்துக்கு நேர் கீழே, சிவப்பு மார்க்கரில், பெரிய எழுத்தில் 'எலித்சா' என்று எழுதியிருந்தது. பக்கத்து வகுப்பு வாசலில் நாலைந்து பேர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார்கள். எலித்சா அவர்களைப் பார்க்கவில்லை. சட்டத்துக்குள் இருந்த தன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நெவேனா ஓடவில்லை, கத்தவும் இல்லை. நடந்து போய்ப் பக்கத்தில் நின்றாள். சால்வை நுனியில் எச்சில் தொட்டு ஒரு கையால் அந்தப் பெயரைத் தேய்க்க ஆரம்பித்தாள். அது அழியவில்லை, சிவப்பாக ஈஷிக்கொண்டு பரவியது. இன்னொரு கையில் விதைக் கூம்பு இருந்தது. முகத்தைப் பார்க்காமல், எப்போதும்போலப் பக்கவாட்டில் அதை நீட்டினாள். அந்தப் பெண் வாங்கவில்லை. மணி அடித்தது, பிள்ளைகள் இடித்துக்கொண்டு ஓடினார்கள், தாழ்வாரம் காலியானது. நெவேனா தேய்த்துக்கொண்டே இருந்தாள், நீட்டிய கையை மடக்கவில்லை.